இடையூறு: இருவர், ஒரு குடை

செப்டம்பர் 20
(எழுதி, உறையில் போட்டு, அனுப்பாமல் மேசை இழுப்பறையில் வைத்தது)

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சௌக்கியம். நீயும் உன் முதுகும் சௌக்கியமா?

உட்கார்ந்துகொண்டு படி. வீடு வந்துவிட்டது. பதினொரு வருடமாக "வரிசையில் இருக்கிறீர்கள்" என்று மட்டுமே எழுதிக்கொண்டிருந்த வீட்டு வாரியம், நேற்று "ஒதுக்கப்பட்டுள்ளது" என்று எழுதியிருக்கிறது. புதுக் குடியிருப்பின் இரண்டாம் கட்டம், ஏரிக்கரை வரிசை, மனை எண் 17. தரைத்தளம், அக்கா! வாசலில் ஒரே ஒரு படி. இங்கே நாலாவது மாடிக்கு எத்தனை படி என்று உனக்கே தெரியும். உன் தம்பி மனைவி இரண்டாம் மாடியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பாள். யாராவது பார்த்துவிட்டால், "ஒருத்தர் வரேன்னாங்க, அதான்" என்பாள். வாரியத்தின் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "நெசமாவே ஒரே படிதானா? நல்லாப் பாத்தீங்களா?"

எங்கள் புகார்ப் பிரிவும் அடுத்த வருடம் அந்த ஊருக்கே மாறுகிறது. வரைபடத்தில் கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல் ஏரியைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே ஒரு நாற்காலி போடப்போகிறேன். அது உனக்கு. வேறு யார் உட்கார்ந்தாலும் எழுப்பிவிடுவேன். ஊர் ஊராகச் சேற்றில் நின்று பறவை எண்ணுகிறவள், எங்கள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு எண்ணு.

இறுதி அனுமதி மட்டும் பாக்கியாம். அது சும்மா ஒரு சடங்கு என்கிறார்கள்.

பாசத்துடன்
உன் தம்பி


செப்டம்பர் 19
(மேற்படி கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பியபோது வந்து சேர்ந்தது)

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

முதுகு இப்போதைக்குச் சொன்னபடி கேட்கிறது. அங்கே எல்லாருடைய உடம்பும் எப்படி? முட்டிக்கு அந்தத் தைலம் உதவுகிறதா?

புது ஊர், புது முகவரி. நீரேற்று நிலையத்துக் காவலர் வீட்டில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். பள்ளத்தில் இருப்பதால் போனில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் இரண்டு கோடு வரும். நாள் முழுக்கத் தொலைபேசியில் ஊராரிடம் திட்டு வாங்கும் உனக்கு என் குரலும் வேண்டாம்தானே. கடிதமே போதும்.

வேலை இதுதான். ரயில் பாதைக்கு அப்பால் ஒரு குடியிருப்பு இருக்கிறது. அதன் இரண்டாம் கட்டத்தை ஏரி வரை நீட்டப்போகிறார்கள். பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட இடங்கள் மூன்று: ஏரி, கைவிட்ட கல்குவாரி, ரயில் பாதையோரத்து மரக்கூட்டம். வீடுகள் வந்தால் இவற்றுக்கு என்ன ஆகும் என்று பார்த்து அறிக்கை தரவேண்டும். குவாரி வௌவால்களுக்கும் மரக்கூட்டத்து ஆந்தைகளுக்கும் பெரிய தொல்லை வராது. ஏரிதான் கேள்வி. குளிர்காலத்தில் வரும் நீர்ப்பறவைகளை நான்கு முறை எண்ண வேண்டும். சராசரி நானூற்றைத் தொட்டால் கரையிலிருந்து நூறு மீட்டருக்குள் செங்கல் வைக்கக் கூடாது. தொடாவிட்டால் கட்டிக்கொள்ளலாம். அந்த நூறு மீட்டருக்குள் 'ஏரிக்கரை வரிசை' என்று முப்பத்தாறு வீடுகள் வருகின்றன.

உங்கள் வீட்டு வரிசை எண் நகர்ந்ததா? எழுது.

உன் அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் கடிதம் வந்தது. அலுவலகத்தில் ஏகப்பட்ட வேலை, அதனால்தான் தாமதம்.

வரிசை எண் அது பாட்டுக்கு இருக்கிறது. அதை விடு.

இங்கே ஒரே மழை. நீ பச்சைக் கம்பி சுற்றிச் சரிசெய்து கொடுத்த களப்பணிக் குடையைத்தான் பிடித்துக்கொண்டு போகிறேன். அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துச் சாலை வேலை நடக்கிறது என்று நினைத்து வண்டிகள் எல்லாம் நின்று வழிவிடுகின்றன. இப்படி ஒரு மரியாதை எனக்கு அலுவலகத்தில் கிடைத்ததில்லை.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். நானூறு என்பது அவ்வளவு கறாரா? முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று வந்தால்?

உன் தம்பி

(அடியில், மனைவியின் கையெழுத்தில்)
அண்ணி, நான்தான். நெறைய எழுதணும்னு இருக்கு. எழுதக் கூடாதுன்னு உத்தரவு. அதனால சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேட்டுக்கிறேன்.


அக்டோபர் 20

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். சாப்பிட்டேன் என்று அவளிடம் சொல். உத்தரவு போட்டது யார் என்றும் கேட்டதாகச் சொல்.

பதினேழாம் தேதி சனிக்கிழமை முதல் கணக்கு முடிந்தது. நானும் ஒரு சக ஊழியரும் கரை மேட்டில் இரண்டு தொலைநோக்கிகளோடு உட்கார்ந்தோம். இடமிருந்து வலமாக, பத்துப் பத்தாக எண்ணுவோம். பத்துக்கு ஒருமுறை கையிலுள்ள கருவியை அழுத்த வேண்டும். முடிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் தாளைத் திருப்பிக் காட்டுவோம். நான் 512. அவரும் 512. அவர் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எண்ணினார். கடைவாய்ப் பல்லில் சொத்தை. பிடுங்கச் சொன்னால், "சீசன் முடியட்டும் மேடம், அதுவும் என் கூடவே வளந்த பல்லு" என்கிறார்.

முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதே முக்கால் வந்தாலும் அது நானூறு ஆகாது. நீ கேட்பதைப் பார்த்தால் தசமத்துக்குச் சொந்தம் போலிருக்கிறது. தசமம் என்பது கட்டுமான நிறுவனம் அமர்த்தியிருக்கும் மறுஆய்வாளருக்கு நாங்கள் வைத்த பெயர். எந்த எண்ணைச் சொன்னாலும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் கேட்பார். கெட்டவர் இல்லை. வாத்தைப் பாதியாக வெட்ட முடியாதே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த கணக்குகள் நவம்பர் 14, டிசம்பர் 12, ஜனவரி 16. எல்லாமே சனிக்கிழமை. ஞாயிறு துணி துவைத்துவிட்டுத் தூங்குவேன்.

உன் அக்கா


நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். மகளுக்குப் பரீட்சை முடிந்தது. எங்களுக்குத்தான் காய்ச்சல் வந்து போனது. உனக்குப் பனி ஒத்துக்கொள்கிறதா?

இரண்டாவது கணக்கு எப்படி? டிசம்பர் 12 சனிக்கிழமைதானே? ஞாயிறு ஓய்வுதானே? ஓய்வு நாளில் வெளியே சுற்றாதே. போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கு.

உன் தம்பி


டிசம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

நலம். உங்கள் காய்ச்சல் திரும்பி வரவில்லை என்று நம்புகிறேன்.

இரண்டாவது கணக்கு 486. மூன்றாவதுதான் சொதப்பல். சனிக்கிழமை மூடுபனியில் என் கை எனக்கே தெரியவில்லை. மறுநாளைக்குத் தள்ளிவைத்தோம். சனி ராத்திரியே சக ஊழியரின் கன்னம் பூசணியாக வீங்கிவிட்டது. ஞாயிறு காலை பல்லைப் பிடுங்கப் போய்விட்டார். நான் தனியாக மேட்டில் உட்கார்ந்தேன்.

அறுபத்தொன்று வரை எண்ணியிருப்பேன். எதிர்க்கரையில் ஓர் ஆளும் ஓர் அம்மாளும் வந்தார்கள். மனைகளுக்கு முளைக்குச்சி அடித்து எண் எழுதியிருக்கிறார்கள் அல்லவா, அதில் ஒன்றின் அருகே நின்றார்கள். அவர் எட்டு வைத்து நீளம் அளந்தார், பிறகு அகலம். நடக்கிறவர்களைப் பார்த்துப் பறவைகள் அவ்வளவாக மிரளாது. நானும் விட்டுவிட்டேன். அந்த அம்மாள் குச்சிக்குப் பக்கத்தில் வந்து, ஒரு படி ஏறுவதுபோலக் காலைத் தூக்கி வைத்தார். அங்கே படி எதுவும் இல்லை, புல்தான். இறங்கினார். மறுபடி ஏறினார். இருவரும் சிரித்தார்கள். நான் கொஞ்ச நேரம் எண்ணவில்லை.

அப்போது தூறல் விழுந்தது. அவர் குடையை விரித்தார். குடை படாரென்று விரிந்தால் பறவைகளுக்குப் பருந்து பாய்வதுபோல. ஏரி முழுதும் ஒரே வீச்சில் எழுந்து போய்விட்டது. மதியம் வரை உட்கார்ந்தேன், ஒன்றும் திரும்பவில்லை. படிவத்தில் இப்படி எழுதினேன்: "எண்ணியது 61. கணக்கு முடியவில்லை. இடையூறு: இருவர், ஒரு குடை, ஆரஞ்சு நிறம்."

குளிருக்கு எல்லாரும் கதகதப்பாக இருங்கள்.

உன் அக்கா


ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் சுகம். காவலர் வீட்டுப் பூனை என் காலணிக்குள் மூன்று குட்டி போட்டிருக்கிறது. இரண்டு நாளாகக் கடன் வாங்கிய செருப்பில் நடக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். எல்லாரும் சுகம்தான். எழுத உட்கார்ந்தால் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள்.

ஏரியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே.

ஒரு சின்ன வருத்தம். நீ கொடுத்த குடையை எங்கேயோ தவறவிட்டுவிட்டேன். எங்கே, எப்போது என்று நினைவில்லை. ரொம்ப நாள் ஆகிறது. நவம்பராகவே இருக்கலாம்.

உன் தம்பி

அண்ணி, குடை அலமாரி மேலதான் இருக்கு. பத்திரமா இருக்கு. தூசி தட்டி வெச்சிருக்கேன்.


பிப்ரவரி 28

பெறுநர்: தலைமை அலுவலர், நகர்த் திட்ட அலுவலகம்
பொருள்: இரண்டாம் கட்டக் குடியிருப்பு, வரைவு அறிக்கை மீதான கருத்து

ஐயா,

வீடு ஒதுக்கப்பட்டவர்கள் அனைவருக்கும் தாங்கள் அனுப்பிய வரைவு அறிக்கை எனக்கும் கிடைத்தது. ஏரியின் மூன்றாவது கணக்கு 61 என்றும், அன்று இடையூறு நேர்ந்ததாக ஒருவர் மட்டுமே குறித்திருப்பதால் அதை ஏற்க இயலாது என்றும், ஆகவே நான்கு கணக்குகளின் சராசரி 382.25 என்றும், ஏரிக்கரை வரிசைக்குத் தடையில்லை என்றும் அதில் உள்ளது. மறுப்பு இருந்தால் மார்ச் 5-க்குள் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

டிசம்பர் 13 காலை எதிர்க்கரையில் குடை விரித்தவன் நான். உடனிருந்தவர் என் மனைவி. குடை ஆரஞ்சு நிறம். ஒரு கம்பியில் பச்சைக் கம்பி சுற்றியிருக்கும். விரித்த சத்தத்தில் பறவைகள் அனைத்தும் எழுந்தன. எத்தனை என்று எண்ண எனக்குத் தெரியாது. அறுபத்தொன்று இல்லை என்று மட்டும் தெரியும். வானம் சற்று நேரம் மறைந்துபோனது. அன்றைய ரயில் பயணச்சீட்டுகள் இரண்டை இணைத்துள்ளேன்.

நாங்கள் நின்றது மனை எண் 17. அது எனக்கு ஒதுக்கப்பட்டது. இக்கடிதத்தால் அந்த மனை என்ன ஆகும் என்பதை அறிவேன்.

கணக்கெடுத்தவர் என் உடன்பிறந்த அக்கா. அவர் இருக்க மாட்டார் என்று நினைத்தே ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அவர் இதுபற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

தொலைபேசிப் புகார்களைப் பதிவு செய்வது என் வேலை. பெயர் சொல்லாதவர்களின் புகாரை நான் எழுதிக்கொள்வதில்லை. ஆகவே என் பெயரும் முகவரியும் கீழே உள்ளன. என் மனைவியும் கையெழுத்திட்டிருக்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
(இரண்டு கையெழுத்துகள்)


மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

இப்போதுதான் உனக்கு ஏரியைப் பற்றி எழுத அனுமதி கிடைத்தது. அதுவரை வாயைக் கட்டியிருந்தார்கள்.

அந்தத் தொலைநோக்கி அறுபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும். உன் பின்மண்டைச் சொட்டை இந்த வருடம் ஒரு சுற்று பெரிதாகியிருக்கிறது. உனக்கு எழுதிய டிசம்பர் கடிதத்தைத் தபாலில் போட்ட மாலையே தொட்டி மேல் ஏறி மேலதிகாரியைக் கூப்பிட்டேன். "என் தம்பிக்கு இந்தத் திட்டத்தில் வீடு இருக்கும்போல் தெரிகிறது, இனி நான் எண்ணுவது சரியில்லை" என்றேன். அவர், "நாலாவது கணக்க வேற ஆளு எடுக்கட்டும். நீங்க தம்பிகிட்ட ஏரியப் பத்தி மூச்சு விடக் கூடாது. அவரா வந்து சொன்னா சாட்சி. நீங்க சொல்ல வெச்சா அது சாட்சி இல்ல" என்றார். அந்த ஆறு வாரமும் எனக்கு எழுத இருந்த ஒரே செய்தி பூனைக்குட்டிதான்.

நாலாவது கணக்கு 470. உன் கடிதம் வந்ததும் மூன்றாவதை நீக்கிவிட்டார்கள். சராசரி 489.33. தசமம் உன் கடிதத்தை மூன்று முறை படித்தாராம். "அந்தக் குடையைக் கொண்டுவரச் சொல்லலாமா?" என்று கேட்டாராம். அவருடைய நிறுவனத்துக்காரரே, "விடுங்க சார், மனுஷன் தன் வீட்டையே விட்டுக் குடுத்திருக்கார்" என்றாராம். நூறு மீட்டர் உறுதியாகிவிட்டது. முப்பத்தாறு வீடுகளும் போயின.

உங்கள் மாடிக்கு அறுபத்தெட்டு படி. வரும்போதெல்லாம் எண்ணியிருக்கிறேன், தொழில் புத்தி. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டே, அறிக்கையில் நான் எடுத்த கணக்குகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். மனசு இன்னும் முழுதாக ஆறவில்லை. அவளிடம் நான் என்ன சொல்வது என்று நீயே சொல்.

உன் அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் பரம சௌக்கியம். இந்த முறை அது சம்பிரதாயத்துக்குச் சொன்னதில்லை.

அவளிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். மார்ச் 5-க்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நான் வரைவு அறிக்கையைப் புரட்டிக்கொண்டே இருந்தபோது, பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தவள் அவள்தான். "எழுதிட்டு வந்து படுங்க. அந்த வீட்ல உக்காந்து அண்ணி மூஞ்சிய நீங்க எப்படிப் பாப்பீங்க? எனக்கென்ன, ரெண்டாவது மாடியில நின்னு நின்னு அங்க நாலு பேர் பழக்கமாயிட்டாங்க" என்றாள்.

இப்போது செய்தி. ஏரிக்கரை வரிசையில் வீடு இழந்த முப்பத்தாறு பேரையும் வாரியத்தில் கூப்பிட்டார்கள். மறுபடி குலுக்கல் வரும் வரை காத்திருக்கலாம். அல்லது முதல் கட்டத்தில் ஏற்கெனவே கட்டி முடித்து, யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய மூன்று வீடுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஏன் வேண்டாம் என்றார்களாம்? பஸ்கள் திரும்பும் வட்டத்துக்கு நேர் எதிரே இருக்கின்றனவாம். காலை ஐந்திலிருந்து ஹாரனாம். நான் யோசிப்பதற்குள் இவள் எழுந்து நின்று, "ஸ்டாப்பு எவ்ளோ தூரம்?" என்று கேட்டாள். "வாசலிலிருந்து முப்பது அடி." "தரைத்தளமா?" "ஆமாம்." கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

நேற்று சாவி வாங்கிப் போய்ப் பார்த்தோம். வாசலில் படியே இல்லை, அக்கா. சாலையும் வாசலும் ஒரே மட்டம். அவள் மூன்று தரம் உள்ளே போய் வெளியே வந்து, "எண்ணிட்டேன். சைபர்" என்று அறிவித்தாள். ஏரியைப் பற்றி அவள் கருத்து வேறு: "தப்பிச்சோம். அங்க கொசு தூக்கிட்டுப் போயிருக்கும். இத முதல்லயே சொல்லியிருப்பேன், நீங்க ஆசையா அளந்துட்டிருந்தீங்க."

பரணில் ஒரு பழைய உறை அகப்பட்டது என்று பொய் எழுத நினைத்தேன். வேண்டாம். மேசை இழுப்பறையில் ஒன்பது மாதமாகப் பூட்டி வைத்திருந்த கடிதத்தை இத்துடன் அனுப்புகிறேன். தேதியைப் பார். அதில் எழுதியுள்ள நாற்காலியைப் போட்டுவிட்டேன். ஜன்னல் கிழக்குப் பக்கம்தான். தெரிவது மட்டும் வேறு.

உன் தம்பி


ஆகஸ்ட் 16
(நாற்காலியின் மேல் விட்டுச் சென்ற தாள்)

முதல் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். எழுப்ப மனமில்லை. எல்லாரும் நன்றாகத் தூங்குகிறீர்கள். ஹாரன் ஒன்றும் செய்யவில்லை. நேற்றுக் காலை எடுத்த கணக்கை இங்கே வைத்திருக்கிறேன். கோப்பில் சேர்த்துக்கொள்.

இடம்: கிழக்கு ஜன்னல், நாற்காலி.
நேரம்: காலை 7 முதல் 8 வரை.
வானிலை: தூறல்.
பஸ்கள்: 23.
காக்கைகள்: 6.
கொக்கு: 1. தெற்கே, ஏரிப் பக்கமாகப் போனது.
இடையூறு: ஒருவர், ஒரு குடை, ஆரஞ்சு நிறம். பால் வாங்கக் கிளம்பி, ஜன்னலுக்கு நேரே வந்து குடையை விரித்தார். பறவைகள் மிரளவில்லை. ஒரு பஸ் ஓட்டுநர் சாலை வேலை என்று நினைத்து வண்டியை நிறுத்தினார்.
சாட்சி: குடைக்காரரின் மனைவி. வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.
முடிவு: கணக்கு செல்லும்.

அக்கா